பேனா தொடாத இடம்



இன்று மாலை நான் பேச வந்திருப்பது நம் மண்ணில் பிறந்த ஓர் ஓவியரைப் பற்றி. பி.எம். சீனிவாசன் என்றால் உங்களில் பலருக்கு அடையாளம் தெரியாது. சில்பி என்றால் மூத்தவர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். 1919இல் நாமக்கல்லில் பிறந்தார்; 1983இல் மறைந்தார். தென்னாட்டுக் கோயில்களைத் தேடித் தேடிப் போய், கருவறைக்கு முன்னால் உட்கார்ந்து, அங்கே இருக்கிற தெய்வத்தை அங்கே இருக்கிறபடியே தாளில் இறக்கியவர் அவர்.

அவரை முன்னிறுத்தி ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். சாமியை வரைகிற கைக்கு அந்த உருவம் எங்கிருந்து வருகிறது? அருள் என்கிறோம், தெய்வ சங்கல்பம் என்கிறோம். அந்த அருள் எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறது? கனவின் வழியாகவா? காதில் விழும் குரலாகவா? இல்லை, கண் வழியாகவா?

பதிலுக்கு உங்களை முதலில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். என் அமிச்சி வீடு, அம்மாவைப் பெற்றவர் வீடு. காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. சமையல்கட்டை ஒட்டி ஒரு சின்ன உள்ளறை. அதுதான் சாமி அறை. நெல் மூட்டையும் அங்கேதான், சாமியும் அங்கேதான். சுவரில் வண்ணக் காலண்டர் சாமிகள் நாலைந்து பேர். அவர்களுக்கு நடுவில், கறுப்பு வெள்ளையில் சில்பி வரைந்த ஓர் அம்மன். வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து எடுத்து, சட்டம் போட்டு மாட்டிய படம். எந்த ஊர் அம்மன் என்று கீழே அச்சாகியிருந்த வரி சட்டத்துக்கு அளவு பார்த்தபோது வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

வண்ணச் சாமிகளுக்கெல்லாம் ஒரு பூ வைப்பார் அமிச்சி. இந்தக் கறுப்பு வெள்ளை அம்மனுக்கு இரண்டு. நான் ஒருநாள் கேட்டேன்: "ஏனுங் அமிச்சி, கலர் சாமி இத்தன இருக்கையில இந்தச் சாமிக்கு மட்டும் ஏன் ரெண்டு?" விளக்கை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "கிட்ட வந்து பாரு கண்ணு. அந்தச் சாமியெல்லாம் மனசுல நெனச்சு எழுதுனது. இது போய்ப் பாத்துட்டு வந்து எழுதுனது. மூக்கு மேல எண்ணெ மினுங்குது பாரு."

பார்த்தேன். மினுங்கியது. கறுப்பு மையில் வரைந்த படத்தில் எண்ணெய் எப்படி மினுங்கும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அன்பர்களே, நாமக்கல்லுக்குப் போயிருப்பீர்கள். ஊர் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலை. உச்சியில் கோட்டை. மலையின் ஒரு பக்கம் குடைந்த கோயிலில் நரசிம்மர், மறுபக்கம் குடைந்த கோயிலில் அரங்கநாதர். அதியர் குலத்து அரசர் காலத்தில், கி.பி. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் பாறையைக் குடைந்து செய்த வேலை. உள்ளே சுவர்களில் வராகரும், உலகளந்த பெருமாளும், இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மரும் பாறையோடு பாறையாக எழுந்து நிற்கிறார்கள். கீழே, மேற்கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நிற்கிறார் 18 அடி ஆஞ்சநேயர். அவர் எதற்காக அங்கே நிற்கிறார் என்று நாமக்கல்லில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மலைக்குள் இருக்கும் நரசிம்மரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பார்த்துக்கொண்டு நிற்பதே வேலையாகக் கொண்ட தெய்வம்! அந்தத் தெய்வத்தின் ஊரில் பிறந்த ஒரு பையன் பென்சிலைக் கையில் எடுக்கிறான். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தினமும் போகிற வருகிற வழியில் அந்த நிற்றலைப் பார்த்து வளர்ந்த கண், மற்ற கண்களைப் போல இருந்திருக்காது என்பது என் நம்பிக்கை.

அதே ஊரில் இன்னொருவரும் இருந்தார். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை. மோகனூரில் 1888இல் பிறந்தவர். தேசியப் பாட்டுக்காக நாடு அவரை நினைக்கிறது. அவர் நல்ல ஓவியர் என்பதை நாடு மறந்துவிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை வரைந்து தங்கப் பதக்கம் வாங்கிய கை அது. அந்தக் கவிஞர்தான் இந்தப் பையனின் கைவண்ணத்தில் எதையோ கண்டு, சென்னைக்குப் போ, எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர் என்று வழிகாட்டினார். ஓர் ஓவியன் இன்னோர் ஓவியனைக் கண்டுகொண்டது நம் ஊரில் நடந்தது.

எழும்பூரில் அப்போது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதை வடித்தவர். நரம்பும் தசையும் தெரிய மனித உடம்பைப் படிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அந்தப் பள்ளியில் படித்து முடித்து வெளியே வந்த சீனிவாசனை ஆனந்த விகடனின் மாலி பார்க்கிறார். கேலிச்சித்திரத்தில் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த மாலி. சிரிப்புப் படம் போட இவரை ஏவியிருக்கலாம். ஆனால் இந்த இளைஞனுக்குக் கல்லும் கோபுரமும் சிற்பமும் கைவருகிறது என்பதைக் கண்டுகொண்டு, அந்த வேலையையே கொடுத்து, 'சில்பி' என்று பெயரும் வைத்தார். பெயர் வைப்பது சாதாரண காரியமா? 'நீ இதற்குத்தான் பிறந்தாய்' என்று ஒருவனிடம் சொல்வது அது.

இப்படித்தான் 'தென்னாட்டுச் செல்வங்கள்' பிறந்தது. 1940களின் பிற்பகுதியில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் விகடனில் வந்தது. ஊர் ஊராகப் போனார். கோயில் கோயிலாகத் தங்கினார். விகடனில் மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேல். அதன் பிறகும் வேறு பத்திரிகைகளுக்குக் கடைசிவரை வரைந்துகொண்டே இருந்தார். கோபுரத்தை வரைந்தார், தூணை வரைந்தார், மூலவரை வரைந்தார். காஞ்சிப் பெரியவரின் ஆசி அவருக்கு இருந்தது. வரைகிற நாட்களில் விரதம் இருப்பவரைப் போல ஆசாரத்தோடு இருந்தார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்போம். மூலவரை வரைவது என்றால் என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்?

கருவறையில் ஜன்னல் கிடையாது. சரவிளக்கு, தூண்டாமணி விளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தவனுக்கு முதல் சில நிமிஷம் ஒன்றுமே தெரியாது. விளக்குச் சுடர் மட்டும் தெரியும். அப்புறம் வெள்ளிக் கவசத்தின் ஓர் ஓரம். அப்புறம் மாலை. அப்புறம்தான், கண் இருட்டுக்குப் பழகப் பழக, முகம். தீபாராதனை காட்டும்போது சில நொடி முழு உருவமும் பளிச்சென்று தெரியும். தட்டு இறங்கியதும் மறைந்துவிடும். நீங்களும் நானும் அந்தச் சில நொடிக்குத்தான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்; கண்ணை மூடிக்கொள்கிறோம்! எத்தனை பேர் சரியாகச் சாமி தெரிகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறோம், யோசித்துப் பாருங்கள். ஓவியன் மூட முடியாது. அந்த நொடியில் அவன் ஒரு கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அபய ஹஸ்தத்தின் விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது? அடுத்த தீபாராதனைவரை அது மனதில் நிற்க வேண்டும். அடுத்த சுடரில் காதோலை. அதற்கடுத்த சுடரில் உதட்டின் ஓரம். இப்படிச் சுடர் சுடராக, கால பூஜை கால பூஜையாக ஒரு தெய்வம் தாளுக்கு வந்து சேர வேண்டும்.

இதில் அருள் எங்கே வருகிறது? இதைப் பொறுமை என்று சொல்லலாம், பயிற்சி என்று சொல்லலாம். அருள் என்று ஏன் சொல்ல வேண்டும்?

கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் அருள் என்றவுடன் நம் கொங்கு நாட்டுக்காரன் மனதில் வருகிற காட்சி வேறு. உடுக்கை அடிக்கிறார்கள், அண்ணமார் கதை நடக்கிறது, பொன்னரும் சங்கரும் களத்தில் விழுகிற கட்டம் வருகிறது. கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவருக்கு உடம்பு நடுங்குகிறது. "சாமி வந்திருச்சு" என்கிறார்கள். படுகளத்தில் கட்டையாக விழுகிறார். தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள். எழுந்தவருக்கு நடந்தது எதுவும் நினைவில் இல்லை. நான் அதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவன். பொய் என்று சொல்ல என் நாக்கு வராது. ஆனால் அந்த அருள் ஆளை முழுசாக எடுத்துக்கொள்கிறது. ஆளுக்கு அங்கே வேலை இல்லை. ஓவியனுக்கு வருகிற அருள் அப்படி வந்தால் பேனா கையிலிருந்து விழுந்துவிடும்!

இன்னொரு அருளும் நம்மிடம் உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்தது. காங்கேயம் பக்கம் சிவன்மலை. சுப்பிரமணியர் கோயில். அங்கே ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து, இன்ன பொருளை என் பெட்டியில் வை என்கிறார். மண்ணாக இருக்கலாம், மஞ்சளாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம். பக்தர் கோயிலுக்கு ஓடி வருகிறார். வந்து சொன்னவுடனே வைத்துவிடுவார்களா? மாட்டார்கள். சாமி முன்னால் பூப் போட்டுக் கேட்பார்கள். பூ வாக்குக் கிடைத்தால்தான் பழைய பொருளை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். கிடைக்காவிட்டால், "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டின் அழகைப் பாருங்கள். கனவை நம் முன்னோர் கேலி செய்யவில்லை. வா, சொல் என்று காது கொடுத்தார்கள். ஆனால் கனவு கண்டவன் சொன்னான் என்பதற்காக அப்படியே எடுத்துக்கொள்ளவும் இல்லை. சாமி உன்னிடம் சொன்னது நிஜமென்றால், எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை சொல்லட்டும் என்றார்கள். அருளுக்குச் சாட்சி கேட்ட ஊர் நம் ஊர்!

இப்போது கடல் கடந்து போவோம். இங்கிலாந்தில் வில்லியம் பிளேக் என்று ஓர் ஓவியர், கவிஞரும்கூட. 1757இல் பிறந்து 1827இல் மறைந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது லண்டனை அடுத்த பெக்கம் ரை என்ற இடத்தில் ஒரு மரம் முழுக்க தேவதூதர்கள் உட்கார்ந்திருக்கக் கண்டான். கிளைக்குக் கிளை சிறகு மின்னியது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னான். பொய் சொல்கிறாய் என்று அப்பா அடிக்கப் போனார். அம்மா குறுக்கே வந்து தடுத்தார். வாழ்நாள் முழுக்க அந்த ஆள் தான் கண்டதை வரைந்துகொண்டே இருந்தார். பார்த்தவர்களில் பலர் பைத்தியம் என்றார்கள். அவர் காலத்தில் பெரிய பேரும் இல்லை, காசும் இல்லை. இன்று உலகம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது.

பிளேக்கை நான் வணங்குகிறேன். ஆனால் அவருடைய தனிமையை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர் கண்ட மரத்தை வேறு யாரும் காணவில்லை. ஆம், இப்படித்தான் இருந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பூப் போட்டுக் கேட்க அவருக்கு ஒரு சிவன்மலை இல்லாமல் போயிற்று.

நம் சில்பியின் நிலைமை நேர் எதிர். அவர் வரைந்த தெய்வத்துக்கு ஊரே சாட்சி. ஓர் ஊர் அம்மனை வரைந்தால், அந்த அம்மனை நாற்பது வருஷமாகக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, புடவை கட்டிவிடுகிற அர்ச்சகர் பத்திரிகையை வாங்கிப் பார்ப்பார். தினமும் காலையில் தயிர்க்கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று கும்பிட்டுப் போகிற கிழவி பார்ப்பாள். மூக்கு ஒரு நூல் தவறினாலும், "இது எங்காத்தா இல்லீங்க" என்று சொல்லிவிடுவாள். ஏனென்றால் நமக்கு அம்மன் என்று பொதுவாக ஒருத்தி கிடையாது. கோவைக்குக் கோனியம்மன். ஆனைமலைக்குப் படுத்த கோலத்தில் மாசாணியம்மன். அநியாயம் செய்தவனைப் பற்றி, நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிட்டால் கேட்கிறவள். திருச்செங்கோட்டிலோ ஆண் பாதி பெண் பாதியாக நிற்கிறார் ஈசன். ஒரு முருகன் பழனியில் தண்டோடு நிற்கிறான், மருதமலையில் வேறு முகத்தோடு நிற்கிறான். ஊருக்கு ஊர் சாமி வேறு, சாமிக்குச் சாமி முகம் வேறு. இதை மூடநம்பிக்கை என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய கலையறிவாகப் படுகிறது. ஒருத்தியை இன்னொருத்தியிலிருந்து பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது வரும்.

பொதுச் சாமியை நமக்குத் தந்தவர்களும் பெரியவர்களே. அவர்களைக் குறைத்துச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. 1848இல் பிறந்த ரவிவர்மா தன் லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சகம் வைத்து அடித்துத் தள்ளினார். கோயிலுக்குள் நுழைய விடப்படாதவன் வீட்டுக்குள்ளும் சாமி நடந்து வந்தாள். அது சின்னக் காரியமா? நம் தெற்கே கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு. திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அப்புறம் சிவகாசிக் காலண்டர் வழியாகத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கடைக்கும் வீட்டுக்கும் சாமி கொடுத்தவர். என் அமிச்சி சொன்ன 'மனசுல நெனச்சு எழுதுன' சாமிகளில் பாதி அவர் வழி வந்தவையாக இருக்கும். நினைத்து எழுதுவதும் நம் மரபுதான். ஸ்தபதி உளியை எடுப்பதற்கு முன் தியான சுலோகத்தைச் சொல்லி, அந்த உருவத்தை உள்ளே நிறுத்திக்கொள்கிறார். உள்ளே கண்டதைத்தான் கல்லில் தேடுகிறார்.

ஆக, ஸ்தபதி உள்ளே கண்டதைக் கல்லுக்கு மாற்றினார். பல நூறு வருஷம் எண்ணெயும் பாலும் தண்ணீரும் அந்தக் கல்மேல் ஓடின. மூக்கு தேய்ந்தது, கன்னம் வழவழத்தது. கும்பிட்டவர்களின் பார்வை அதன்மேல் படிந்தது. அதற்கெல்லாம் பிறகு ஒரு நாமக்கல்காரர் வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார். அவர் வரைந்தது ஸ்தபதி கண்ட உருவத்தையா? அந்த எண்ணெயையா? அத்தனை பேரின் கும்பிடலையா? என் எண்ணம் இது: மூன்றையும்தான். இவர் தனக்கென்று ஒரு கனவு காணவில்லை. பல தலைமுறை கண்ட கனவு கல்லாக எதிரே நின்றது. அதைக் கலைக்காமல் வாங்கிக்கொண்டார். இதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்!

ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று பழந்தமிழ் அழைத்தது. பார்க்கிறவர் கண்ணுக்குள்ளேயே தன் தொழிலைக் கொண்டுபோய் நிறுத்துகிறவர் என்று நச்சினார்க்கினியர் அதற்குப் பொருள் சொன்னார். சித்திரம் எழுதுவது என்றுதான் நாமும் சொல்கிறோம். ரஷ்ய மொழியிலும் தெய்வப் படத்தை எழுதுவது என்றே சொல்கிறார்கள். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் அங்கும் ஒரே வினைச்சொல். எங்கோ பனியில் இருப்பவனுக்கும் இங்கே வெயிலில் இருப்பவனுக்கும் ஒன்று தோன்றியிருக்கிறது: சாமி படம் என்பது படித்துப் பார்த்து எழுத வேண்டியது.

இப்போது அமிச்சி காட்டிய எண்ணெய் மினுக்கத்துக்கு வருகிறேன். ஓவிய மாணவர்களே, இது உங்களுக்கு.

சில்பி வண்ணத்திலும் வரைந்தார். ஆனால் அவர் கை முழுதாகப் பேசியது பேனாவிலும் கறுப்பு மையிலும். அந்தக் காலத்துப் பத்திரிகையில் கோட்டோவியத்தை லைன் பிளாக் செய்து அச்சடிப்பார்கள். லைன் பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. மை இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. அப்படியென்றால் கருவறையின் மங்கல் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது? கோட்டுக்குப் பக்கத்தில் கோடு. அதன்மேல் குறுக்கே கோடு. நெருக்கிப் போட்டால் இருட்டு. இடைவெளி விட்டால் மங்கல். இன்னும் விட்டால் வெளிச்சம். மயிரிழை மயிரிழையாக ஓர் இருட்டை நெய்ய வேண்டும். நம் ஊர்த் தறிக்காரருக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்.

அந்த இருட்டு முழுவதையும் நெய்துகொண்டே வந்தவர், அம்மனின் மூக்கு நுனிக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார். ஒரு கடுகு அளவு இடம். அங்கே பேனா படவே இல்லை. வெறும் தாள். அதுதான் எண்ணெய்! அதுதான் விளக்கு! அதுதான் என் அமிச்சி விளக்கைப் பிடித்துக் காட்டிய மினுக்கம். அவர் அதை வரையவில்லை, அன்பர்களே. விட்டு வைத்தார்.

நான் இதைக் கண்டுபிடித்தது ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மன் நெற்றிப் பொட்டைச் சுற்றி, கீழுதட்டின்மேல், கழுத்து மாலையின் ஒவ்வொரு பூவிதழின் விளிம்பில், எங்கெல்லாம் ஒளி இருக்கிறதோ அங்கெல்லாம் சில்பி கையை எடுத்திருக்கிறார். எங்கெல்லாம் இருட்டோ அங்கெல்லாம் உழைத்திருக்கிறார். மனிதன் உழைக்கக் கூடியது இருட்டில்தான். ஒளி அவன் போடுவதில்லை. எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டால் அது தானாகத் தாளில் நின்றுகொள்கிறது.

அருள் எந்த வாசல் வழியாக வருகிறது என்று தொடக்கத்தில் கேட்டேனே, அதற்கு நான் கண்ட பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த ஓவியருக்கு அது வெளியிலிருந்து பாய்ந்து வந்து கையைப் பிடித்து இழுக்கவில்லை. பார்த்துப் பார்த்து, கண் இருட்டுக்குப் பழகி, கோடு கோடாக நெருக்கி, கடைசியில் ஒரு கடுகு அளவு இடத்தில், இதைத் தொடாதே என்று ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறது. சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். பதினைந்தாம் நூற்றாண்டில் ஃப்ளாரன்ஸில் ஃப்ரா ஆஞ்சலிக்கோ என்று ஒரு துறவி. ஜெபம் செய்யாமல் தூரிகையைத் தொடமாட்டார் என்றும், ஒருமுறை தீட்டியதைத் திருத்த மாட்டார், அது ஆண்டவன் விட்ட வழி என்பார் என்றும் வசாரி என்பவர் எழுதி வைத்திருக்கிறார். திருத்தாமல் விடுவது அவருக்கு நம்பிக்கை. தொடாமல் விடுவது நம் சில்பிக்கு நம்பிக்கை.

இளைஞர்களே, இன்று கைப்பேசியை நீட்டினால் ஒரு நொடியில் படம் வருகிறது. கணினியிடம் கேட்டால் சிறகு வைத்த மயிலும், மேகமும், உடற்பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த தோளுமாக முருகனை நூறு விதமாகத் தருகிறது. அவற்றில் எல்லா இடத்திலும் வெளிச்சம். தலைக்குப் பின்னால் வெளிச்சம், வேலில் வெளிச்சம், மயிலின் நகத்தில்கூட வெளிச்சம்! யாரும் எங்கும் எதையும் விட்டு வைக்கவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த முருகன் எந்த ஊர் முருகனும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நொய்யல் கரையில் பேரூர் இருக்கிறது. பட்டீசுவரர் கோயில். இந்த மண்டபத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். மதுரை நாயக்கர் மரபில் வந்த அளகாத்ரி நாயக்கர் எடுத்த கனகசபை அங்கே இருக்கிறது. ஊர்த்துவ தாண்டவரும், யானையை உரித்துத் தோலை விரித்துப் போர்த்திய கஜசம்ஹாரரும், வீரபத்திரரும், பிச்சாடனரும் தூணோடு தூணாக நிற்கிறார்கள். ஒரு தூண் போதும். கஜசம்ஹாரர் முன்னால் போய் உட்காருங்கள். படம் எடுக்காதீர்கள். வரையவும் வேண்டாம். அரை மணி நேரம் பாருங்கள்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிஷம் அற்புதம் என்று தோன்றும். அடுத்த ஐந்து நிமிஷம் கால் மரத்துப்போகும், வீட்டு நினைப்பு வரும். பத்துப் பேர் வந்து படம் எடுத்துவிட்டுப் போவார்கள். கால் மணி நேரத்துக்கு மேல் வெளி வெளிச்சம் மெல்ல நகரும். அதுவரை தட்டையாகத் தெரிந்த யானைத் தோல், பின்னால் நிழல் விழுந்ததும் தோளைவிட்டுப் பிரிந்து நிற்கும். கல் ஒன்று, தோல் ஒன்று, உடம்பு ஒன்று என்று மூன்றாகப் பிரியும். அப்போது அந்தத் தோலைப் பிடித்திருக்கும் விரல்களைப் பார்த்தேன். இறுக்கிப் பிடிக்கவில்லை. அவ்வளவு பெரிய யானையைக் கொன்ற கை, அதன் தோலைப் புடவைத் தலைப்பைப் பிடிப்பது போலப் பிடித்திருக்கிறது. எத்தனையோ முறை அந்தத் தூணைக் கடந்து போனவன் நான். அன்றுதான் அந்த விரல் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் யாராவது இருந்தால் கையைப் பிடித்துக் காட்டியிருப்பேன்.

நம் பகுதிக் குயவர்கள் உருவாரம் செய்து கொடுப்பார்களே, மண்ணில் குதிரை, மாடு, பிள்ளை. கோயிலுக்கு எடுத்துப் போகிற அன்றுதான் கண் திறப்பார்கள். அதுவரை அது மண். கண்ணெழுதிய பிறகு அதன் முன்னால் யாரும் காலை நீட்டி உட்காரமாட்டார்கள். சாமிக்குக் கண் திறக்கிறோம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பேரூர்த் தூணுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்த அன்று, திறந்தது யாருடைய கண் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அமிச்சி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டை இடித்துக் கட்டும்போது அந்தப் படத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சட்டம் கரையான் பிடித்திருந்தது. கண்ணாடி மேல் குங்குமம் அடுக்கடுக்காக உறைந்திருந்தது. கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து, ராஜ வீதிப் பக்கம் ஒரு சட்டம் போடுகிற கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பெரியவர். பின்பக்க அட்டையை மெதுவாகப் பிரித்தார். தாளின் மறுபக்கம் ஒரு தொடர்கதையின் நடுப்பகுதி. யாரோ யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாள் பழுத்துப் பொன்னிறமாகியிருந்தது. அதனால் சில்பி விட்டு வைத்த இடமெல்லாம் இப்போது பொன்னிறம்.

பெரியவர் படத்தைத் திருப்பி மேசைமேல் வைத்தார். விளக்கைக் கொஞ்சம் இறக்கினார். ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு அளவு நாடாவை எடுத்தார்.

"ஹால்ல மாட்டறதுங்களா, சாமி ரூம்லயா?"

"ஏனுங்க கேக்கறீங்க?"

"ஹாலுன்னா கண்ணாடி இல்லாமயே நல்லா எடுக்குமுங்க. சாமி ரூம்னா கண்ணாடி போட்டே ஆகோணும். பொட்டு வெப்பீங்கல்ல?"

கண்ணாடி போடச் சொன்னேன்.